கவிழ்த்து அடுக்கிய பெயர்

1. புள்ளி தீர்ந்த நாள்

"புள்ளி தீர்ந்துபோச்சு நைனா" என்று நான் சொன்னது 1943ஆம் வருஷம் டிசம்பர் மாதம், திருத்தணிப் படித்திருவிழாவுக்கு முந்தின வாரம். வருஷத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட காலணா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. எங்கள் அச்சகத்துக்கு எதிரே இருந்த வெற்றிலைக் கடைக்காரர் அந்தக் காசுகளை நூலில் கோத்து மாலையாகத் தொங்கவிட்டிருந்தார். நாள் தேதிகளில் எனக்குப் பிடிவாதம் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மலைக்குப் போகிற வழியில் முனுசாமி நாயுடுவின் அச்சகம். அவரை ஊரே நைனா, அதாவது தெலுங்கில் அப்பா, என்றுதான் கூப்பிடும். காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மெஷின், மூன்று கேஸ் பெட்டி எழுத்து, அதை அடுக்க ஒரே கம்பாசிட்டர், அது நான். கலியாணப் பத்திரிகை, மிஷன் மருந்தகத்துக்குச் சீட்டு, பஜனைப் பாட்டுப் புத்தகம், இவைதான் எங்கள் பிழைப்பு. யுத்த காலம். காகிதம் கிடைப்பதே அபூர்வம். புது எழுத்து வார்த்து வாங்குவது கனவு.

அப்படிப்பட்ட அச்சகத்தில் ஒரு பாட்டுக்கு வரிசை வரிசையாகப் புள்ளி வேண்டுமென்றால் எங்கே போவது?

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்து கேஸில் தீர்ந்துபோனால், அதே கனமுள்ள வேறோர் எழுத்தைக் அடிப்பாகம் மேலாகக் கவிழ்த்து அந்த இடத்தில் வைப்போம். இடம் நிரம்பும், வரி நகராது. புரூஃபில் அந்த இடம் இரட்டைக் கருப்புக் கட்டையாக விழும். மற்றப் பக்கத்தைப் பிரித்து எழுத்து கிடைத்ததும் மாற்றிவிடுவோம். நானும் அப்படித்தான் கவிழ்த்து வைத்தேன். நைனா புரூஃபைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார்.

"இதுவே நல்லா கீது. அப்படியே ஓட்டு."

"ஜனங்க என்னா ஏதுன்னு கேட்டா?"

"கேக்கட்டும். கேக்கத்தானே பாட்டு."

2. வெள்ளைப் புடவை

பாட்டு எதற்காகப் பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு மஞ்சள் பத்திரிகை வாராவாரம் அரக்கோணம் வழியாக ரயிலில் வந்து இறங்கும். அதன் பெயரை எழுதாமல் விடுவது பயத்தால் அல்ல. செத்துப்போன பத்திரிகைக்கு விளம்பரம் எதற்கு? அதற்கு ஒரு முறை உண்டு. முழுப் பெயரைப் போடாது. "இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்ன புடவை கட்டும் மாது யார்? ............ பெயர் அடுத்த இதழில்" என்று புள்ளி வைத்து நிறுத்திவிடும். அடுத்த இதழ் வருவதற்குள் ஊரே அந்தப் புள்ளிகளை ஆளுக்கொரு பெயரால் நிரப்பிவிடும்.

எங்கள் ஊர்ச் செய்திகளை அதற்கு அனுப்புகிறவர் கோதண்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நிரூபிக்கத்தான் யாராலும் முடியாது. கோட்டுப் போட்டு, மேல்பையில் இரண்டு பேனா செருகி, ரயிலடியில் நின்று வருகிறவர் போகிறவர் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். நைனாவுக்குத் தூரத்து உறவு. "பாவா, பாவா" என்று மைத்துனர் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்.

அந்த மாதம் அவர் கையில் மாட்டியது எஸ்தர். மிஷன் மருந்தகத்து நர்ஸ். கோதண்டம் ஒருநாள் தலைவலிக்கு மருந்து வாங்கப் போய், வரிசையைத் தாண்டி முன்னால் நின்றிருக்கிறார். "வரிசையில வாங்க சார்" என்று எஸ்தர் அவரைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அடுத்த இதழில், "மலையடிவாரத்து மருந்துக் கூடத்து வெள்ளைப் புடவைக்காரி, பொழுது சாய்ந்த பின் கூண்டு வண்டியில் போவது எங்கே? ............ பெயர் அடுத்த இதழில்" என்று வந்துவிட்டது.

போவது எங்கே என்பது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியும். ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் வீடுகளில் பாதிக் குழந்தைகள் எஸ்தர் கையில் விழுந்தவை. பிரசவ வலிக்குப் பகல் இரவு தெரியுமா? ஆனால் மருந்தகத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானிக்குத் தமிழ் அரைகுறை. யாரோ அதை மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறார்கள். "பெயர் அச்சில் வந்தால் நீ இங்கே இருக்க முடியாது" என்று அவர் சொல்லிவிட்டார்.

மருந்துச் சீட்டுகளை வாங்க அச்சகத்துக்கு வந்தபோது எஸ்தர்தான் இதை எங்களிடம் சொன்னார். அழவில்லை. கோபத்தில் குடையை மெஷின்மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"பேரு போடறதுன்னா முதல்லயே போட்டுத் தொலைக்கணும் நைனா. ஒரு வாரம் ஊரையே என் மூஞ்சியப் பார்க்க வெக்கிறானே, அதாங்க அக்கிரமம்."

"வேலை போயிடுமா எஸ்தரு?"

"வேலை போனா என் தங்கச்சி படிப்பும் போச்சு. மணவூர்ல எங்கம்மா வேற."

அப்போது கூலிக்குப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தவர் நாதமுனி. ஆர்.கே.பேட்டை நெசவாளி, பஜனைக் குழுத் தலைவர். அவருடைய மூன்று பிள்ளைகளும் எஸ்தர் கையில் பிறந்தவர்கள்.

"அவன் போடற மாதிரியே நாமளும் புள்ளி வெச்சு ஒரு பாட்டுப் போட்டா என்னா நைனா?" என்றார்.

எஸ்தர் திரும்பிப் பார்த்தார். "உங்க முருகன் மலையில எனக்குப் பாட்டா? எங்க பாஸ்டரு கேட்டா என்னா சொல்லுவாரு?"

"உன் பேரு அதுல வராதும்மா. யார் பேருமே வராது. அதான் அதுல வெஷயமே."

3. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள்

பாட்டின் முதல் இரண்டு கண்ணிகள் இவை. கட்டை விழுந்த இடத்தில் கட்டையே போட்டிருக்கிறேன்.

*மூடிவெச்ச கதவுக்குள்ளே கண்ண வெச்சவன் ஆரு?*
*முச்சந்தியில் நின்னுகினு காத வெச்சவன் ஆரு?*
*பார்க்காத சேதியப் பார்த்தாப் போல*
*பத்தி பத்தியா வித்தவன் ஆரு?*
*பேரு ■■■■ மேல வந்தா சொல்றோம்!*

*பாதி சொல்லிப் பாதி முழுங்கிப் பதற வெச்சவன் ஆரு?*
*பத்து நாளுத் தூக்கத்தைப் பறிச்சுக்கினவன் ஆரு?*
*வெள்ளத் துணிமேல மையைத் தெளிச்சு*
*வேடிக்க பார்த்து நின்னவன் ஆரு?*
*பேரு ■■■■ மேல வந்தா சொல்றோம்!*

மூன்றாவது கண்ணி ஒன்று உண்டு. அதைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம், மலை உச்சியில் பாடிக்கொள்கிறேன் என்று நாதமுனி நிறுத்திவைத்திருந்தார்.

புத்தகம் வெளியே போன அன்றே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. யுத்த காலத்தில் தணிக்கைக்காரர்கள் கடிதங்களில் மை பூசி அனுப்புவதை ஜனங்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள். எங்கள் கட்டையைக் கண்டதும், உள்ளே ஒரு பெயர் அச்சாகி, அதன்மேல் கருப்பு ஏற்றியிருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெற்றிலைக் கடைக்காரர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பூக்காரி ராணியம்மாள் எண்ணெய் தடவினால் எழுத்து தெரியும் என்று தடவி, புத்தகத்தையே பாழாக்கினாள். தாசில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தனியாக வந்து, "நாலு எழுத்துப் பேருன்னா என் பேரும் நாலு எழுத்துதான். நானில்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் எதற்காகப் பயந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் கோதண்டமே வந்தார்.

"என்னா பாவா, பாட்டுப் புஸ்தகம்லாம் போடறீங்களாமே?"

"தொழில்தானே கோதண்டம்."

"இந்தக் கருப்புக்குக் கீழ யாரு பேரு?"

"ஒண்ணுமில்லப்பா. எழுத்து கவுந்துகினு கீது."

"எழுத்து எதுக்குக் கவுறுது?"

"புள்ளி இல்ல. மெட்ராஸ்ல எவனோ பத்திரிகை நடத்தறானாம். நாட்ல இருக்கற புள்ளியெல்லாம் அவனே வாங்கிக்கிறானாம்."

கோதண்டம் முகம் சுருங்கியது. நான் அடுக்கின பக்கத்தைக் காட்டி, கவிழ்ந்த எழுத்தை எடுத்து நிமிர்த்தி, அது 'ம' என்று காட்டினேன். அவர் அடுத்ததை நகத்தால் சுரண்டினார்.

"இதெல்லாம் யார்கிட்ட வுடறீங்க? நானும் பத்திரிகை... பத்திரிகையெல்லாம் படிக்கிறவன்தான்."

விரலில் ஒட்டிய மையோடு மூக்கைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அச்சு மை லேசில் போகாது. ஊரில் ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

4. மலைமேல்

படித்திருவிழா வருஷத்தின் கடைசி நாளில் நடக்கும். பஜனைக் குழுக்கள் படிக்கொரு பாட்டுப் பாடி, படிக்கொரு கற்பூரம் ஏற்றி மலையேறுவார்கள். படியில் முருகன் பாட்டு மட்டும்தான். நடுநடுவே மண்டபங்களில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது யாரும் எதையும் பாடலாம். நாதமுனி தம் பாட்டுக்குக் குறித்திருந்த இடம் அந்த மண்டபங்கள்.

முதல் மண்டபத்தில் முதல் கண்ணி பாடியதும் கூட்டம் "பேரு! பேரு!" என்று கத்தியது. "மேல வந்தா சொல்றோம்" என்று சொல்லி ஜால்ராவைத் தட்டிக்கொண்டு நாதமுனி எழுந்துவிட்டார். கூட்டத்தின் ஓரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோதண்டம் நின்றிருந்தார். அவர் மலையேறி ஊரில் யாரும் பார்த்ததில்லை. பெயர் சொல்லப்படும் இடத்தில் தாம் இல்லாமல் போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம்தான் அவரை இழுத்துக்கொண்டு போனது. படிக்கொரு பாட்டு முடியும்வரை நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

நடு மண்டபத்தில் மிஷன் மருந்தகத்தார் வருஷந்தோறும் தண்ணீரும் தைலமும் வைத்திருப்பார்கள். அன்று அங்கே இருந்தவர் எஸ்தர். காவடிக்காரர்கள் கால் பிடிப்புக்குத் தைலம் வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள். நாதமுனி இரண்டாவது கண்ணியைப் பாடினார். கூட்டம் கத்தியது. "மேல வந்தா சொல்றோம்!"

கோதண்டத்துக்கு அங்கேயே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யோவ் நாதமுனி, இதுக்கு மேல என்னால ஏற முடியாதுய்யா. என் பேர அதுலேர்ந்து எடுத்துடு."

ஜால்ரா நின்றது.

"உன் பேரா? எதுலேர்ந்து?"

"அந்தக் கருப்புலேர்ந்து."

"அதுல உன் பேரு கீதுன்னு யாரு சொன்னது?"

கோதண்டம் தலைத் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் பூக்கூடையோடு நின்ற ராணியம்மாள் மோவாயில் கை வைத்து, "அடடே, நம்ம கோதண்டமா! நான் யாரோன்னு இல்ல நெனச்சேன்!" என்றாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. துண்டு நழுவி, மூக்கில் மை தெரிந்தது.

எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. தைலப் புட்டியை மூடிவிட்டுக் கேட்டார்.

"வெள்ளப் பொடவைக்காரி பேரு அடுத்த இதழ்ல வருமா சார்?"

"வராதும்மா."

"மெட்ராஸ்ல இருக்கறவங்க எழுதறதாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அனுப்பினாத்தானே வரும்."

"ஆங். இத்தினி பேரு கேட்டுக்கினாங்க. இப்ப வரிசையில வாங்க, தைலம் தர்றேன்."

போனார். கடைசியில்தான் நின்றார்.

தைலம் தேய்த்த பிறகு அவர் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை; நொண்டிக்கொண்டே உச்சிக்கு வந்தார். பாதியில் விட்ட செய்தியின் மறுபாதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க அவராலும் முடியவில்லை. உச்சியில் கூட்டம் முன்னைவிடப் பெரிது. கோதண்டம் பெயரைப் பாட்டில் கேட்கிற ஆசையில் ஒருவரும் வீடு திரும்பவில்லை. நாதமுனி மூன்றாவது கண்ணியைப் பாடினார்.

*எழுதினவன் ஒருத்தன்தானே, எடுத்துப் படிச்சது ஆரு?*
*எதிர்வீட்டுக்கும் ஒருதரம் எட்டிச் சொன்னது ஆரு?*
*அடுத்த வாரம் எப்போன்னு சொல்லி*
*ரயிலடியில் காத்துக் கெடந்தது ஆரு?*
*பேரு வேணுமா? கீழ போயிக் கண்ணாடியில பாரு!*

ஜால்ரா ஓய்ந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வானத்தைப் பார்த்தார். பிறகு யாரோ, தப்பிக்க வழி கிடைத்தவர் போல, "அரோகரா!" என்றார். உடனே எல்லோரும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் "அரோகரா!" என்று கத்திக்கொண்டு சந்நிதியை நோக்கி ஓடினார்கள்.

5. அடுத்த இதழ்

அடுத்த இதழ் வந்த அன்று ரயிலடியில் என்றைக்கும் இல்லாத கூட்டம். நைனாவும் நானும் போயிருந்தோம். நாதமுனி ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்தார். எஸ்தர் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் வந்தோம் என்று மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பிரித்தோம். திருத்தணியைப் பற்றி ஒரு வரி இல்லை. எஸ்தருக்கு வேலை நிலைத்தது. "ப்சு, ஒண்ணுமே இல்லியே" என்று எங்கள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினால் ராணியம்மாள்.

அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று பிற்காலத்தில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கோதண்டத்தைத் திட்டின பாட்டு என்பார்கள். முதல் இரண்டு கண்ணி வரைக்கும் அது சரி. ஆனால் அதை அடுக்கின கம்பாசிட்டர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பத்திரிகைக்காரன் வைத்த புள்ளியிலும் ஒன்றுமில்லை, நான் கவிழ்த்த எழுத்திலும் ஒன்றுமில்லை. இரண்டையும் நிரப்பினவர்கள் பார்த்தவர்கள்தான். கெட்ட பத்திரிகை அச்சடிப்பது பாதியைத்தான். மீதியை நாம் அடுக்கிக் கொடுக்கிறோம்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே. எழுத்து தீர்ந்தால் வேலையை நிறுத்துங்கள். கவிழ்த்ததை மாற்றாமல் மெஷினில் ஏற்றாதீர்கள்.

போன மாதம்கூட அந்தப் பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ஒருவர் காட்டினார். கட்டையாக விழுந்தது 'ம' என்ற எழுத்தின் அடிப்பாகம்தான் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"பரவால்லீங்க, நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்" என்றார்.