திக்கிப் பேசிய குரங்கு

விளையாட்டுச் சாமான் அறையில் விசிறியை நிறுத்திவிட்டால் ஐந்து நிமிடம் இருப்பதே பெரும்பாடு. பினாங்கு வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும். பழைய பந்துகளின் ரப்பர் வாடையும் பாய்களின் புழுக்கமும் சேர்ந்து மூச்சு முட்டும். அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மடிக்கணினி முன்னால் ஒரு சிறுமியை உட்கார வைத்து, வியர்வை வழிய வழிய, "மெதுவா பேசும்மா, அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் கணினி டீச்சரைப் பார்த்து, இவருக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். குரல் பதிவு செய்கிறார்களாம். விசிறி ஓடினால் இரைச்சலும் சேர்ந்து பதிவாகிவிடுமாம்.

ஆயர் ஈத்தாமில் ஒரே தமிழ்ப்பள்ளியில் நானும் அந்த டீச்சரும் வேலை பார்த்தோம். நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவர் வயதில் இளையவர், என்னை அக்கா என்பார். ஐந்தாம் ஆண்டில் மல்லிகை வகுப்பை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். மல்லிகை என்றால் பின்தங்கிய பிள்ளைகள். பெயராவது மணக்கட்டும் என்று வைத்தார்கள் போலும். பின்னக் கணக்கைக் கண்டாலே மேசையில் தலை சாய்த்துவிடும் அந்தக் கூட்டத்திடம், நாமே கணினியில் ஒரு கேம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். விளையாட அல்ல, செய்ய. பாலிக் புலாவிலிருந்து டுரியான் ஏற்றிவரும் லோரி ஒன்று. வழியில் ஒரு குரங்கு மறித்துக்கொண்டு கணக்குக் கேட்கும். சரியாகச் சொன்னால் வழி விடும், தப்பாகச் சொன்னால் ஒரு பழம் போச்சு. குரங்கு கேட்க வேண்டுமென்றால் கேள்வியை யாராவது எழுத வேண்டும். எழுதுகிறவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அரைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதிருந்தவர்கள், ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரங்குக்காகப் பின்னம் போட்டார்கள். செய்த கேமில் முதலில் லோரி பின்பக்கமாக ஓடும், குரங்கு வானத்தில் தொங்கும். "பிழை வந்தா நல்லதுலா, எங்க தப்புன்னு தேடலாம்" என்பார் டீச்சர். பிழைக்குத் திட்டு வாங்கியே பழகிய பிள்ளைகள் அதைத் தேடுவதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

குரங்குக்குக் குரல் கொடுத்தவள்தான் நான் சொன்ன சிறுமி. சுங்கை பாக்காப்பிலிருந்து குடும்பத்தோடு எங்கள் பக்கத்து அடுக்குமாடிக்குக் குடிவந்தவள். திக்கித் திக்கித்தான் பேசுவாள். என் பாடத்தில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், பின்வரிசையில் சிரிப்புக் கேட்கும், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். குரங்கு வேடத்தை அவளே கேட்டு வாங்கினாளாம். பதிவு முடிந்ததும், திக்கிய இடங்களைக் கணினியில் வெட்டிவிடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "வே... வேணாம் டீச்சர். குரங்கும் என்ன மாதிரியே பேசட்டும்" என்றாளாம் அவள். அப்படியே விட்டார். "அண்ணே, டு... டுரியான் ஒண்ணு கொடுலா, இல்லேன்னா லோரி மேல ஏறிடுவேன்" என்று குரங்கு மிரட்டும்போது வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதற்குப் பிறகு என் பாடத்தில் அவளாகவே கை தூக்கினாள். ஒரு பத்தியை வாசித்து முடிக்க நெடுநேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியருக்கு வேறு கவலை. வருகிற ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், பள்ளி நிலைக்குமா என்று அவர் தூங்காமல் கிடந்தது உண்மை. அதை நான் குறை சொல்லமாட்டேன். புத்தாக்கப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினால் வாசலில் பேனர் கட்டலாம், பெற்றோர் பார்ப்பார்கள். டீச்சர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருந்த வாரம் பார்த்து, கேமை எடுத்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளின் ரோஜா வகுப்பிலிருந்து, கதை சொல்லும் போட்டிகளில் பரிசு வாங்கும் பெண் ஒருத்தியை வைத்துக் குரங்கின் பேச்சு முழுவதையும் மாற்றினார். அந்த வாரக் கடைசியில் நடுவர்கள் முன்னால் போய் நின்றதும் ரோஜா வகுப்புதான். தங்கம் வந்தது.

டீச்சர் திரும்பிவந்த திங்கட்கிழமை, காலைச் சபைகூடலில் பெரிய திரை கட்டி அந்தக் கேமைக் காட்டினார்கள். மல்லிகை வகுப்பு முன்வரிசையில் நின்றது. குரங்குக்குக் குரல் கொடுத்தவள் தன் குரலுக்காக நுனிக்காலில் நின்றாள். குரங்கு வாயைத் திறந்து, "ஐயா, தயவுகூர்ந்து எனக்கு ஒரு டுரியான் பழம் தாருங்கள்" என்றது. பள்ளியே கைதட்டியது. அவள் திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"நான் பே... பேசுனது நல்லா இல்லையா டீச்சர்?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அலுவலகத்தில் அவர் போட்ட சத்தம் என் வகுப்புவரை கேட்டது. தலைமையாசிரியர் சத்தம் போடவில்லை. திக்குகிற குரங்கைக் கொண்டுபோய்க் காட்டினால் பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆவது என்று நிதானமாகத்தான் கேட்டாராம்.

டீச்சர் மாற்றல் கேட்டு பாலிக் புலாவ் பக்கம் போய்விட்டார். இப்போது எல்லாப் பள்ளியிலும் கேம் செய்யும் பட்டறை நடக்கிறது. அதில் உரையாற்ற எங்கள் பழைய தலைமையாசிரியரைத்தான் அழைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். டீச்சரோ பாடநூலைத் தவிர எதையும் தொடுவதில்லை. ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன். "ஆசை காட்டிட்டு பிடுங்கறதுக்கு, காட்டாமலே இருந்திடலாம் அக்கா" என்றார்.

போன வாரம் ஆயர் ஈத்தாம் பாசாரில் அந்தப் பெண்ணைத் தாயோடு பார்த்தேன். இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள், என்னைவிட உயரமாக வளர்ந்திருக்கிறாள். எப்படிம்மா படிக்கிறாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். நன்றாகப் படிப்பதாகத் தாய் சொன்னார். என்ன பாடம் பிடிக்கும் என்றேன், அதற்கும் தாயே பதில் சொன்னார். அவர் மீன் வாங்க அந்தப் பக்கம் போனதும் காய்கறிக் கடைக்காரர் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் கத்தரிக்காயை விரலால் காட்டினாள். கடைக்காரர் அதற்குப் பக்கத்திலிருந்த வெண்டைக்காயை அள்ளிப் பையில் போட்டு நீட்டினார். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.