ஒன்பது நம்பர்கள்

பென் டிரைவ் காலியாக இருந்தது. கோப்பெங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினேன். ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆபீஸில் ஸ்கேன் செய்த கடிதம் அதில் ஏறவே இல்லை. கைப்பையைத் துழாவினேன். காகிதத்தையும் காணோம். ஸ்கேனரின் கண்ணாடி மேலேயே அதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அது பினாங்கில் ஒரு தொழிற்சாலை எனக்கு வேலை தந்து அனுப்பிய கடிதம். ஒப்புக்கொள்கிறேன் என்று கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். இன்னொரு பிரதியில் கையெழுத்துப் போடுவது பெரிய காரியமில்லை. எங்கள் முதலாளி கண்ணில் அது பட்டால்தான் வினை. அவரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். ஆனால் தன்னிடம் இருப்பவர் ஒருவர் வேறு வேலை தேடுகிறார் என்று பிறர் வழியாகத் தெரிந்தால், அன்றைக்கே மேசையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். என் கண் முன்னாலேயே ஒருவரை அப்படி அனுப்பியிருக்கிறார். பினாங்கிலோ, இப்போதைய முதலாளியிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்றிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நானே நேரில் சொல்லி, அதையும் கேட்டு வாங்கிக்கொள்வதாகத் திட்டம். அன்று புதன்கிழமை.

என்ன நடந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த மெஷினை அப்படிப் பழக்கி வைத்தவள் நான்தான். எங்களுடையது ஜெலாப்பாங்கில் ஒரு லாரி கம்பெனி. மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கேனரும் சேர்ந்த பெரிய பிரிண்டர் வந்தபோது, பொருத்த வந்த ஆள் ஆளுக்கொரு நம்பர் வைத்துப் பூட்டச் சொன்னார். அண்ணே முகத்தைச் சுளித்தார்.

"நமக்குள்ள என்னலா பூட்டு? குடும்பம் மாதிரி இருக்கோம்."

சரிதான் என்று, யார் எதை ஸ்கேன் செய்தாலும் ஒரே ஃபோல்டரில் விழும்படி வைத்துவிட்டேன். அது மெஷினுக்குப் பக்கத்தில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒன்பது மேசையிலிருந்தும் திறக்கலாம். பென் டிரைவுக்குப் போக வேண்டுமானால் திரையில் வேறு பட்டனைத் தொட வேண்டும். தொட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா விட்டால், மெஷின் தானாகப் பொது ஃபோல்டருக்கே திரும்பிவிடும். நான் பட்டனைத் தொட்டேன், போன் அடித்தது. பேசிவிட்டு வந்து பச்சைப் பட்டனை அழுத்தினேன், மறுபடி போன். அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆபீஸ் மெஷினில் சொந்தக் காகிதம் எடுப்பது எங்களுக்குத் தப்பே இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்ப பாரம், மாமியாரின் அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் காகிதம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாம் அங்கேதான். எல்லாம் அந்த ஒரே ஃபோல்டரில்தான் போய் விழும்.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். வீட்டுக்கு வீடு நடுவில் பலகைச் சுவர், அது கூரை வரை போகாது. அப்பா இருமினால் நாலு வீடு தள்ளி மருந்து சொல்வார்கள். என் பரீட்சை முடிவு அம்மாவுக்குத் தெரியும் முன்பே வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வாழ்க்கையை நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். கதவைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டும் என்று படித்து வெளியே வந்தவள், ஆபீஸுக்குள் நானே ஒரு லயத்தைக் கட்டி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். ஆபீஸைத் திறந்து, கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் பால் இல்லாத தே ஓ டீ கலக்கி வைக்கும் அக்கா மட்டும் இருந்தார். ராத்திரி பூட்டுவதும் அவர்தான். வாய் ஓயாது. எங்களுக்குள் அவருக்கு வானொலி என்று பெயர்.

"என்னம்மா, இவ்ளோ சீக்கிரம்? மூஞ்சி வாடிக் கெடக்கு. காச்சலா?"

"இல்லக்கா."

மெஷினின் மூடியைத் தூக்கினேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது, காகிதம் இல்லை. ஃபோல்டரைத் திறந்தேன். லாரி பில்களும் டெலிவரி காகிதங்களும் மட்டும்தான். என் கடிதம் இல்லை. தானாக அழியாது. யாரோ பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். ஒருவேளை நான்தான் எங்காவது வைத்தேனோ என்று மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன். என் பிறப்புப் பத்திரத்தின் நகல் ஒன்று மேலே கிடந்தது. எடுத்த ஞாபகமே இல்லாத நகல்கள் என் லாச்சியில் அடிக்கடி கிடக்கும். மறதி எனக்குக் கூடப்பிறந்தது.

ஒன்பதரைக்கு அண்ணே கூப்பிட்டார். "இங்க வா." அவருடைய அறைக்கு இருபது அடி இருக்கும். அதற்குள் என்னென்ன பொய் சொல்லலாம் என்று நாலு தயார் செய்துவிட்டேன்.

"இது என்ன, கோடு கோடா அடிக்குது? மெஷினைப் பாரு."

பார்த்தேன், துடைத்தேன், சரியானது. என் நெஞ்சுதான் சரியாகவில்லை. யாராவது சிரித்தால் என்னைப் பற்றித்தானோ, யாராவது பேச்சை நிறுத்தினால் நான் வந்ததால்தானோ என்று மதியம் வரை நாற்காலியில் ஒட்டவே இல்லை. எல்லாரையும்விட வானொலியை நினைத்துத்தான் பயம். அவர் ஒவ்வொரு மேசையாகத் துடைத்தபடி பேசிக்கொண்டே போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மழையைப் பற்றியும் கோழி விலையைப் பற்றியும்தான் பேசினார்.

சாப்பாட்டு நேரத்தில் கோபம் தலைக்கேறி மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது பேருக்கு ஒன்பது ஃபோல்டர், ஒன்பது நம்பர். நம்பரை அழுத்தினால்தான் மெஷின் வேலை செய்யும். பழைய கம்ப்யூட்டருக்கும் பூட்டு. நம்பர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, ஒவ்வொரு மேசையாகக் கொடுத்தேன்.

"எதுக்குலா இது? யாராச்சும் திருடிட்டாங்களா?" என்றார் அண்ணே.

"கஸ்டமர் பேப்பர் எல்லாம் இருக்குண்ணே. வெளிய போனா நமக்குத்தான் பிரச்சன."

"என் நம்பரை நீயே ஞாபகம் வச்சுக்கோ" என்று சீட்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

வெள்ளிக்கிழமையும் சீக்கிரமே போனேன். அக்கா கையில் துணியோடு பழைய கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தார். திரை நம்பர் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது ஏம்மா தெறக்க மாட்டேங்குது?"

"பூட்டிட்டேன். உங்களுக்கு எதுக்குக்கா இது?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் போய்த் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் வைத்திருந்த என் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"புதன்கெழம நீ போனப்புறம் தொடைக்கும்போது கண்ணாடி மேல கெடந்துச்சு. உள்ளயும் இருந்துச்சு, அழிச்சிட்டேன்."

"அழிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"நீ பண்றதப் பாத்துத்தான். தெனமும் அண்ணே வர்றதுக்கு முன்ன இதப் பாப்பேன். ஆபீஸ் பேப்பர்னா விட்டுருவேன். வீட்டுப் பேப்பர்னா ஒன்னு அடிச்சு அவங்கவங்க லாச்சியில வச்சிட்டு, இங்க அழிச்சிருவேன். ஒருத்தர் வீட்டு சீக்கு, சண்டையெல்லாம் ஒம்போது பேருக்கும் தெரியணுமா? நானும் லயத்துல பொறந்தவதான்."

மூன்று வருஷம். ஆஸ்பத்திரிக் காகிதம், கோர்ட்டுக் காகிதம் எல்லாம் அவர் கண் வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூட இந்த ஆபீஸில் யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அவருக்கு வானொலி என்று பெயர் வைத்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இத மட்டும் ஏன்க்கா லாச்சியில வைக்கல?"

"நேத்து வைக்கத்தான் கொண்டாந்தேன். கை வரல. நீயே எங்கிட்ட சொல்லுவியான்னு பாத்தேன்." துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீ எல்லாருக்கும் நம்பர் குடுத்தே. எனக்குக் குடுக்கல."

வெளியே அண்ணேயின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நிமிஷத்தில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"நான் பினாங்குக்கு வேலைக்குப் போறேன்க்கா."

"அட, அப்படியா?" என்றார், முதல் தடவையாகக் கேட்கிறவர் போலவே. "எப்போம்மா?"

"அடுத்த மாசம்" என்றேன்.