கறுப்புக் கயிறும் ஜெய்த்தூன் அக்காவின் டயப்பரும்

ஜெய்த்தூன் அக்கா மௌத்தாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

இந்தக் குழுவில் உங்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. தம்போயில் ஒரு கடைவீட்டு மாடியில் தையல் கடை வைத்திருந்தார். நான் பத்து வருஷம் அவரிடம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள்.

ஆனால் துணி டயப்பர் எல்லோருக்கும் தெரியும். ஊக்கு இல்லாதது, பட்டன் வைத்தது. "ராஜம்மா டயப்பர்" என்று என் பேரைச் சொல்லி வாங்கிப்போவீர்களே, அதேதான்...

அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

என் பேத்தி யாழினி பிறந்த புதிதில் கடை டயப்பர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொடை இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்துவிட்டது. பழையபடி துணியை மடித்து ஊக்குக் குத்தலாம் என்றால் என் மகளுக்குப் பயம். பிள்ளை துள்ளுகிற துள்ளலில் குத்திவிடும் என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே பிரவுன் பேப்பரை விரித்து வரைய ஆரம்பித்துவிட்டார்.

பின்னாலிருந்து இரண்டு பக்கமும் வந்து முன்னால் மூடுகிற துண்டுகளுக்கு "இறக்கை" என்று பேர் வைத்தார். வெட்டி மேசையில் போட்டபோது நிஜமாகவே ஏதோ பறவை வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஃபேன் காற்றில் கொஞ்சம் எழும்பும், படியும்... எழும்பும், படியும்...

"புள்ள வளரும், துணி வளராது. நாமதான் எடம் விடணும் லா" என்றார்.

முதலில் வெல்க்ரோ வைத்தோம். ஒரு குட்டித் தலையணைக்குக் கட்டிப் பார்த்தோம். அளவு அவ்வளவு பிரமாதம். இரண்டு பேருமாகச் சேர்த்து ஏழு பிள்ளை வளர்த்தவர்கள், தலையணைக்கு இடுப்பில் கயிறு கிடையாது என்பதை மறந்துபோனோம்.

யாழினிக்கு முப்பதாம் நாள் அரைஞாண் கயிறு கட்டியிருந்தோம். காஹாங் கோயிலில் வைத்து வாங்கி, என் கையால் கட்டிய கறுப்புக் கயிறு. வெல்க்ரோ அதைக் கவ்விக்கொண்டது. டயப்பரைப் பிரிக்கும்போது கயிறும் கூடவே வந்து, பிள்ளை இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

மகள் கத்திரிக்கோலை எடுத்துவிட்டாள். நான் குறுக்கே நின்றேன்.

"கயிறா புள்ளையா, நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள். ஒரு நாள் பொறு என்று மட்டும் கெஞ்சினேன்.

மறுநாள் காலையில் டயப்பரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் முஸ்லிம், கயிறு எங்கள் வழக்கம். வெட்டிப் போடு என்று அவரும் சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் போவேன்?

அக்கா வெல்க்ரோவில் ஒட்டியிருந்த கறுப்பு நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரொம்ப நேரம் பிடுங்கினார்.

"கயிறு இருக்கட்டும் ராஜம். அது புள்ளையோடது. தப்பு என் துணியில இருக்கு."

அன்று முழுக்க வேறு எந்த ஆர்டரையும் அவர் தொடவில்லை. சாயங்காலம் நான் கிளம்பப் போகும்போது பார்த்தால், அந்தத் தலையணை இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு. அவரே கட்டியிருக்கிறார்.

"என்னா பாக்கற? ஒம் பேத்திக்குத் தொணைக்கு ஒன்னு" என்று சிரித்தார்.

வெல்க்ரோ போய்விட்டது. முன்பக்கத்தைப் பிறை மாதிரி கீழே வளைத்து வெட்டினார். கயிறு மேலே தனியாக, அதுபாட்டுக்கு இருந்தது. அழுத்தினால் டிக் என்று மூடுமே, கெத்திப் பட்டன், அதை இரண்டு வரிசை வைத்தார். ஒரு வரிசை இடுப்புக்கு, ஒரு வரிசை தொடைக்கு. பிள்ளை வளர வளர ஒவ்வொரு பட்டனாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

யாழினி அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள். நானும் தொட்டில் பக்கத்தில் கண் அசந்துவிட்டேன். கொடியில் வரிசையாக இறக்கைகள்... வெயில் அதற்குள் புகுந்து புகுந்து வந்தது. கனவா நிஜமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் உலு திராம் மண்டபத்தில் நடந்த விற்பனைச் சந்தையில் ஸ்டால் போட்டோம். மைக் பிடித்த அம்மா, அஞ்சாம் வகுப்புப் படித்த ராஜம்மா கண்டுபிடித்தது என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பின்னால் உட்கார்ந்து டயப்பர் மடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரில், அவங்களா சொல்லிட்டாங்க அக்கா என்று இழுத்தேன்.

"அலமாக், விடு லா. என் மூஞ்சிய எடுத்தா கேமரா அழுவும்" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

இன்று அவர் வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்து, வந்தவர்களிடம், "இவங்கதான் டயப்பர் கண்டுபிடிச்ச ராஜம் ஆன்ட்டி" என்றாள்.

அக்கா அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"இல்லம்மா. அது ஒங்கம்மா செஞ்சது. நான் ஓரம் அடிச்சேன், அவ்ளோதான்" என்றேன். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இங்கேயும் எழுதிவிட்டேன். இறக்கை, பிறை வெட்டு, இரண்டு வரிசை பட்டன், எல்லாம் ஜெய்த்தூன் அக்கா. இனி அந்தப் பேரையே சொல்லுங்கள்.

கடைசியாக முகம் பார்த்தேன். அவரைச் சுற்றியிருந்தது தையல் போடாத வெள்ளைத் துணி. துணிப் பட்டையால்தான் முடிந்திருந்தார்கள்... இறுக்கமாக இல்லை, நான் நன்றாகப் பார்த்தேன்.

தூங்குங்க அக்கா.