தலையணை வைத்த முழங்கால்

முடிதிருத்தும் கடையில் அவருக்கு மின்னல் என்று பெயர். கத்தரியை எடுத்தால் ஒரு தலைக்குப் பத்து நிமிடம். பேச்சு கணக்கில் சேராது. முப்பத்திரண்டு வருடம் நின்றே பிழைத்த மனிதர். நாலு தெரு நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், சற்று நின்றால் விட்டுவிடும். "நிக்கிற வேலைக்காரனுக்கு இது வர்றதுதான்" என்று தள்ளிப்போட்டார். சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருந்தது, இடது கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் தெரிந்தது. முதலில் விரல் போனது. பிறகு பாதம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே.

வீட்டுக்கு வந்தபின் மனைவி அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வலிக்கிறது என்றால் முழங்காலுக்கு அடியில் தலையணை. இன்னும் வலிக்கிறது என்றால் இன்னொன்று. மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சிக்கு அழைப்பு வந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் காலை நீட்டச் சொன்னாள். முழங்கால் பாதியில் நின்றுகொண்டது.

"தலையணை வச்சீங்களா?"

"வலி தாங்கலைன்னாரு, அதான் வச்சேன்மா" என்றாள் மனைவி.

"வைக்கக்கூடாதும்மா. மடக்கியே வச்சா தசை சுருங்கிடும். நிமிராத கால்ல செயற்கைக் காலை மாட்டி என்ன செய்ய?"

மின்னலுக்குச் சுருக்கென்றது. "இதை வீட்டுக்கு அனுப்புறப்பவே யாராவது வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப குடுத்த தாள்ல போட்டிருப்பாங்க."

போட்டுத்தான் இருந்தார்கள். பதினொரு பக்கத்தில் எட்டாவது பக்கம், பொடி எழுத்தில் ஒரு வரி. வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தவர், தாளைச் சுருட்டிச் சுவரில் எறிந்தார். இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்தி வை" என்று கேட்டது தன் வாய்தான் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வரவில்லை. காபி கேட்டார். அவளும் கொடுத்தாள்.

அதன்பின் தினம் நாலு வேளை குப்புறப் படுக்கை. மல்லாந்தால் முழங்கால்மேல் மணல் மூட்டை. ஏழு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். முக்கால்வாசி நிமிர்ந்தது. மிச்சம் வராது என்று பிசியோதெரபிஸ்ட் கையை விரித்தாள். அளவெடுத்துக் கால் செய்து வருவதற்குள் வெட்டுப்பட்ட முனை வற்றிச் சிறுத்துவிட்டது. முனைமேல் ஐந்து துணியுறை மாட்டியும் செயற்கைக் கால் லொடலொடவென்று ஆடியது. உரசிப் புண்ணாயிற்று. புண் ஆறும்வரை மாட்டக்கூடாது என்றார்கள். ரத்த ஓட்டம் குறைந்த உடம்பில் புண் எங்கே சீக்கிரம் ஆறும்?

"சாண் ஏறினா முழம் சறுக்கும்பாங்க. எனக்குச் சறுக்கக்கூட ஒத்தைக்கால்தான் இருக்கு" என்றார். மனைவி சிரிக்கவில்லை.

பத்தாவது மாதம், புண் ஒருவழியாக ஆறியபின், மாற்றிச் செய்த காலை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மனைவியின் தம்பிதான் இத்தனை நாளும் கடையைப் பார்த்துக்கொண்டவன். ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"எதுக்கு மச்சான் சிரமம்? வீட்ல ரெஸ்ட் எடுங்க. நான் பாத்துக்கறேன்ல?"

"பாத்தது போதும் மாப்ள. நகரு."

நகர்ந்தான். ஆனால் மின்னலின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பெஞ்சில் மூன்று பேர். "வாங்க" என்றால், "பரவால்லண்ணே, அவசரமில்ல, வெயிட் பண்றேன்" என்று பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். மூன்றுபேருக்கும் ஒரே பத்திரிகை. அன்று புண் எரிந்ததைவிட அந்த இரக்கம் அதிகமாக எரிந்தது.

பதினோரு மணிக்கு ஒரு பஸ் கண்டக்டர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அரை மணியில வண்டி எடுக்கணும், சீக்கிரம்."

மின்னல் கத்தரியை எடுத்தார். பத்து நிமிடம் ஓடியது, பாதித் தலைதான் ஆகியிருந்தது. முனை நெருப்பாகக் காந்தியது. நாற்காலி முதுகில் இடுப்பைச் சாய்த்து, உதட்டைக் கடித்து முடித்தார். கண்டக்டர் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, வலது பக்கம் ஏறியிருக்கு?"

பத்து மாதத்தில் அவரை ஒருவர் திட்டியது அதுதான் முதல்முறை. மறுபேச்சில்லாமல் சரிசெய்தார். அன்று அதற்குமேல் நிற்க முடியவில்லை.

வருட முடிவில் பிசியோதெரபிஸ்ட் ஒரு படிவத்தை எடுத்தாள். "வெளியில தனியா நடக்கிறீங்களா?"

"பஸ் ஸ்டாப்புலேருந்து கடை வரைக்கும். மத்ததுக்கு சக்கர நாற்காலி."

'ஓரளவு' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

"என்னம்மா ஓரளவு? ஒரு நாளைக்கு இருபது தலை வெட்டினவன். இப்ப நாலு. அதுக்கு ஒரு கட்டம் கிடையாதா?"

"இல்லீங்க" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "வலது கால் பத்திரம். அதுலயும் ரத்த ஓட்டம் கம்மிதான்."

ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓடவில்லை. இருபத்திரண்டு படி. கைப்பிடியைப் பற்றிச் செயற்கைக் காலை முதலில் இறக்கினார். மனைவி ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினாள்.

"முன்னாடி நின்னா நான் எப்படி இறங்குறது? தள்ளு!" என்று எரிந்து விழுந்தார்.

"விழுந்தா என் மேல விழுங்க" என்றாள். தள்ளவில்லை.