காலருக்குள் ஒரு குறி

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இப்போது முதலில் ஒரு கட்டம் வந்து குதிக்கிறது. ‘குக்கீஸ்’ வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது. அது என்ன எழவு என்று மகளிடம் கேட்டேன்.

“நாம மொத தடவ போறப்போ அந்த வெப்சைட் நம்ம கம்ப்யூட்டர்லயே ஒரு சின்ன அடையாளத்த வச்சிருதுப்பா. அடுத்த தடவ போறப்போ அத நாமளே தூக்கிட்டுப் போறோம். அதப் பாத்து யாருன்னு கண்டுபிடிச்சிரும் லா.”

அவள் சிரித்தாள். எனக்குப் பின்கழுத்து அரித்தது. இந்த வித்தையை எழுபதுகளிலேயே சட்டையாக மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

அப்போது கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் கடைசிக் குமாஸ்தா. அம்மா அங்கேயே பால்மரம் வெட்டிக்கொண்டு தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் ஆபீசுக்குள் கால் வைக்க முடியாது. எங்கள் துணியெல்லாம் கோப்பெங் டோபிக்குப் போகும். அவர் சேராங்கொட்டை மசியால் சட்டைக்குக் கழுத்துப் பட்டையின் உள்பக்கம், கைக்குட்டைக்கு மூலையில் ஒரு குறி போடுவார். என்னுடையது இரண்டு புள்ளி, குறுக்கே ஒரு கோடு. எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. புதிதில் தோலை அரித்துத் தள்ளும். எந்தக் குறி யாருடையது என்பது டோபி ஒருவருக்குத்தான் தெரியும்.

தோட்டத்தை விற்கப் போகிறார்கள், லயத்தைக் காலி செய்ய ஆட்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்ற கடிதத்தை டைப் அடித்தது நான். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் ஆட்களைக் கூட்டி, “மாத்து வீடு குடுக்காம யாரும் கையெழுத்துப் போடாதீங்க” என்றேன். வியர்வை துடைத்த கைக்குட்டையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அது பெரிய கிராணியின் மேசையில் கிடந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆபீசுக்குத் தலைவர், மேனேஜருக்கு வலது கை.

“ஆபீஸ் விஷயத்தை வெளியிலை விட்டது ஆரெண்டு மேனேஜருக்குத் தெரியவேணுமாம். சனிக்கிழமை டோபி வரட்டும்” என்றார்.

ஆள் தெரிந்தால் அன்றைக்கே என் வேலை போய்விடும். அம்மாவின் வீடும் கூடவே போகும். முன்கூட்டியே போய் டோபியிடம் கெஞ்சலாமா என்று தவித்தேன். போனால் அதுவே சாட்சியாகிவிடுமோ என்று பயம். அந்த வாரம் முழுக்கக் கைக்குட்டை அவர் கண்முன்னே, குறி மேலே தெரிய மடித்துக் கிடந்தது.

சனிக்கிழமை டோபி மூட்டையோடு வந்தார். பெரிய கிராணி நீட்டிய கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“இது பழைய குறிங்கய்யா. முன்ன இருந்த கிராணியோடது. அவருதான் காம்பாருக்குப் போயிட்டாரே.”

“அப்ப இந்த லேஞ்சி காம்பாரிலையிருந்து நடந்து வந்ததோ?”

“விட்டுட்டுப் போனத யாராச்சும் எடுத்து வச்சிருப்பாங்கய்யா.”

பெரிய கிராணி அதையே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் என் சட்டைகள் எல்லாவற்றிலும் அதே குறி. மேல் பட்டனை இறுகப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் முதுகு காட்டாமல் நடமாடினேன்.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த ஒரு நாள், புழுக்கம் தாங்காமல் பட்டனைக் கழற்றிவிட்டிருந்தேன். கீழ்த் தட்டிலிருந்து ஃபைல் எடுக்கக் குனிந்தபோது காலர் கழுத்தை விட்டு விலகியது. பின்னால் காலடிச் சத்தம் நின்றது. பெரிய கிராணி. ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்த குறி அவருக்கு மறந்திருக்குமா? தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் கை என் காலரைப் பிடித்துக் கழுத்தோடு இழுத்துவிட்டது.

“பட்டனைப் பூட்டும், தம்பி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அம்மாட்டைச் சொல்லும், மாத்து வீடு தராமல் ஒருத்தரும் கையெழுத்துப் போடவேண்டாமெண்டு.”