அவளைப் பற்றி நான் சொன்ன உண்மை

எனக்கு அவள் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கதவுக் கீல் அடிக்கிற எங்கள் கம்பெனியில், எனக்கு ஆறு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். பிரஸ் மிஷினில் தகட்டை எப்படி வைப்பது, எந்த சூப்பர்வைசரிடம் லீவு கேட்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நான் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறுவேன். அவள் அடுத்த ஸ்டேஷனான எளாவூரில். போன வருடம் அஞ்சல் வழியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தாள். முதல் பாடம் அறவியல். எங்கள் பெட்டியில் பூ தொடுப்பவர்கள், கீரை ஆய்பவர்கள், தூங்குபவர்கள் உண்டு. பாடப்புத்தகம் பிரித்தவள் அவள் ஒருத்திதான். நல்லது கெட்டது சொல்லித்தர ஒரு புத்தகமா, எங்கம்மா அதைத் துடைப்பத்தாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டாளே என்று கேலி செய்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒருநாள் காலை எல்லோரையும் கேட்டாள். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுக்கிறவன், வெளிச்சமே மறைகிற அளவுக்கு அதில் தன் பேரை எழுதி வைக்கிறானே, அவன் செய்தது நல்ல காரியமா, இல்லையா? பெட்டி இரண்டாகப் பிரிந்தது. எந்த எண்ணத்தில் கொடுத்தால் என்ன, லைட்டு எரிகிறதல்லவா என்றது ஒரு கூட்டம். பெருமைக்குக் கொடுத்தது கொடுத்ததே இல்லை என்றது இன்னொன்று. பெரிய பெரிய ஆட்களே இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை என்றாள் அவள். கீரை ஆய்கிறவள் கீரைக்கட்டை மடியிலேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருடமாக அதே பெட்டியில் வருகிறேன். என் பேச்சுக்காக யாரும் கீரை ஆய்வதை நிறுத்தியதில்லை.

அந்தச் சமயம்தான் எங்கள் லைனுக்கு லீடர் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. பட்டியலில் நானும் அவளும் மட்டும். லீடர் ஆகிவிட்டால் நாள் முழுக்க மிஷின் முன்னால் நிற்க வேண்டாம். என் முதுகு அதற்காகவே ஏங்கிக்கிடந்தது. ஆனால் எல்லோர் வாயிலும் அவள் பேர்தான்.

பிரஸ் மிஷினுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. டார்கெட் துரத்தும்போது நாங்கள் ஒரு பொத்தானை அழுத்தி டேப் சுற்றிவிடுவோம். ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அழுத்தும், வேலை ஓடும். நானும் சுற்றியிருக்கிறேன். அவளுக்கும் காட்டிக்கொடுத்தேன். அவள் ஒருநாளும் சுற்றியதில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அன்றைக்குப் பக்கத்து மிஷின்காரிக்கு மசக்கை, நிற்க முடியவில்லை. அவளை உட்காரவைத்துவிட்டு அவள் பங்கையும் இவளே சேர்த்து அடித்தாள். நேரம் போதவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது பார்த்தேன், இவள் பொத்தானில் டேப். நிறுத்தச் சொல்ல இரண்டடி எடுத்துவைத்தால் போதும். நான் ஷெட்டின் அந்தக் கோடிக்கு, சேஃப்டி ஆபீசர் அறை வரைக்கும் நடந்தேன். அவரிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

விசாரணையில் மசக்கைக்காரியின் பேரை அவள் இழுக்கவே இல்லை. மெமோவை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் லீடர் சட்டை எனக்கு வந்தது.

யார் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்து, ரூல் ரூல்தானே என்று ஆரம்பித்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"என் கை பூடும்னு பயந்துதான சொன்னே, அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி. வேற இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?"

"நானும் அப்டித்தான் நெனச்சேன். லைன்ல அல்லாரும் இன்னான்னாவோ பேசிக்கினு கீறாங்க. நான் நம்பல."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசரிடம் நான் பொய் சொல்லவில்லை. பொய்யை அவளிடம்தான் சொன்னேன். ரயில் வரும்வரை அவள் என் கையை விடவில்லை. ஒருத்தரை இப்படி நம்ப எனக்கு என்றைக்கும் வராது. அதற்கும் அவள் மேல்தான் பொறாமை வந்தது.