மூலைக் கருது

போன மாதம் பாளையம்பட்டியில் என் தம்பி மகன் புது வீட்டுக்கு ஜெபம் வைத்திருந்தான். பெயின்ட் வாடையும் பிரியாணி வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. ஜெபம் நடத்த வந்த இளம் போதகர், உன்னைப்போல அடுத்தவனையும் நேசி என்பதைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "யூதர்களுக்குச் சட்டம்தான் தெரியும், அன்பு தெரியாது. இயேசு வந்துதான் அன்பைச் சொல்லிக் கொடுத்தார்" என்று ஒரு போடு போட்டார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. பென்ஷன் வாங்குகிற வயதில் இப்படிக் கோபம் வரலாமா என்று கேட்பீர்கள். வேலையில் இருந்தபோது வரவேண்டிய கோபம் அது. அப்போது வராமல் போனதால்தான் இப்போது வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சபை நடத்திய பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. அந்தத் தெம்பில் ஒரு ஒத்துவாக்கிய பைபிள் வாங்கினேன், பழையதுதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வசனம் வேதத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பக்கத்து அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும், அதுதான் ஒத்துவாக்கியம். முன்னால் வைத்திருந்த சட்டைப்பை அளவுப் புதிய ஏற்பாட்டில் அதெல்லாம் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் அந்தச் சின்னப் புத்தகம்தான் இருந்தது. பழைய ஏற்பாடு என்றால் சங்கீதம் மட்டும், அதுவும் சாவு வீட்டில்.

பரிசேயர் என்றால் இயேசு காலத்து யூத வேத போதகர்கள்; எங்கள் பக்கம் பரிசேயன் என்பது வசவு. பஸ்ஸில் இடம் தராதவன்கூடப் பரிசேயன்தான். ஞாயிறு பள்ளி நாடகத்தில் ஒரு தடவை என்னையே பரிசேயனாக்கி, பருத்திப் பஞ்சில் தாடி ஒட்டிவிட்டார்கள். வாயைத் திறந்ததும் தும்மல் வந்து, தாடி இயேசுவின் மடியில் போய் விழுந்தது. சபை சிரித்தது. தாடி விழுந்ததே தவிர, யூதன் என்றால் கல்நெஞ்சக்காரன் என்ற நினைப்பு என்னை விட்டு விழவில்லை.

அதை அந்த எறும்பு எழுத்துதான் உதிர்த்தது. இயேசு சொன்ன 'அடுத்தவனை நேசி'க்குக் கீழே, பழைய ஏற்பாட்டில் யூதர்களின் சட்டப் புத்தகமான லேவியராகமம் பத்தொன்பது என்று போட்டிருந்தது. புரட்டினேன். அதே வார்த்தை! இயேசு புதிதாகச் சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து ஜெபக்கூடத்தில் கேட்டு வளர்ந்ததைச் சொல்லியிருக்கிறார். அதே அதிகாரத்தில் சற்று மேலே இன்னொன்று: அறுக்கும்போது வயல் ஓரத்தை, மூலையை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. அதற்கு அடுத்த வசனம்தான், களவு செய்யாதே. இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் மூலையை விட்டு வை, பிறகு திருட்டைப் பற்றிப் பேசு.

அப்புறம் சுவிசேஷத்தையே வேறு கண்ணால் படித்தேன். பசித்த சீடர்கள் யாரோ ஒருவன் வயலில் கதிரைப் பறித்துத் தின்கிறார்கள். பரிசேயர் சண்டைக்கு வருகிறார்கள். எதற்கு? வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாளில் பறித்ததற்கு. திருட்டு என்று அந்தப் பரிசேயர்களே சொல்லவில்லை. பசித்தவன் கையால் பறித்துத் தின்னலாம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த வேதம்.

கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சின்னம்மாவிடம் சொன்னேன். அன்னபாக்கியம் என்று பெயர், அம்மாவின் தங்கை. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லை. எங்கள் சபை மூப்பரின் கம்பங்காட்டில் களையெடுப்பு, அறுப்பு எல்லாம் அவள்தான் போவாள். அறுத்து முடித்ததும் சிந்திய கருதை (கதிரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பொறுக்க மூப்பர் விடமாட்டார். மறுநாளே ஆட்டுக் கிடை போட்டுவிடுவார். ஆட்டுக்கு உண்டு, ஆளுக்கு இல்லை.

"நெசமாவா? மூல நம்மளுக்குன்னா போட்டிருக்கு?" என்று மூன்று தடவை கேட்டாள். நானும் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன், வாத்தியார் தோரணையில்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலில் கொண்டு வந்து படைத்து, ஆராதனை முடிந்து ஏலம் விடுவோம். பூசணி, மிளகாய் வத்தல், சேவல் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். சின்னம்மா ஒவ்வொரு வருஷமும் ஒரு படி அரிசி கடையில் வாங்கி வைப்பாள். அன்றைக்கு ஒரு சின்னக் கட்டுக் கம்பங்கருதை நார் போட்டுக் கட்டிக் கொண்டு வந்து வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு களை.

மூப்பர் பார்த்துவிட்டார். "ஏம்மா, ஒனக்கு ஏது காடு?"

"ஒங்க காட்டு மூலையில பொறுக்குனதுங்கய்யா. ஓடப்பாலத்துப் பக்கம், ஆடு வாரதுக்கு முந்தி."

"களவாண்டத ஆண்டவருக்கு வைக்கியா?"

சின்னம்மா பயப்படவில்லை. "களவு இல்லய்யா. வேதத்துல இருக்குதாம். எங்க அக்கா மகன் படிச்சுக் காமிச்சான்." என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூப்பர்தான் எங்கள் பள்ளிக்கும் தாளாளர். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "என்ன சார், அப்படியா சொன்னீக?" என்றார், சிரித்துக்கொண்டே. நான், "அது... பழைய ஏற்பாட்டுல ஒரு இது..." என்றேன்.

"பழைய ஏற்பாடு யூதனுக்குச் சொன்னது. நாம கிருபைக்குள்ள இருக்கோம், அந்தச் சட்டம் நமக்கில்ல" என்று முடித்துவிட்டார்.

களவு செய்யாதே என்பது மட்டும் எங்கிருந்து வந்ததாம்? அதுவும் அதே பக்கம்தானே ஐயா! திருடாதே எங்களுக்கு, மூலையை விடு யூதனுக்கா? இந்தக் கேள்வி வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு வந்தது. இன்றைக்கும் குளிக்கும்போது, ரேஷன் கடையில் நிற்கும்போது, அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பரிசேயர்களுக்கு இருந்த வேத அறிவும் அவருக்கு இல்லை, பசித்தவர்களிடம் அவர்கள் காட்டிய நியாயமும் அவருக்கு இல்லை. எனக்கோ அறிவு இருந்தது, முதுகெலும்பு இல்லை. யார் மேல் அதிகக் கோபம் என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. "மூப்பர் காணிக்கை, கம்பங்கருது ஒரு கட்டு" என்று அவர் பேரைச் சொல்லியே ஏலம் விட்டார்கள். கை தட்டினார்கள்.

கோயிலிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில் சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டாள். "ஏய்யா, அது வேதத்துல இருக்கா, இல்லையா?"

"இருக்கு சின்னம்மா."

"அப்பச் சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகும் கோயிலுக்கு வந்தாள், அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் வெறுங்கையோடு வந்தாள். எனக்கு வேலை நிரந்தரமான இரண்டாம் வருஷம் செத்துப்போனாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே புது வீட்டு வாசலில் கை கழுவினேன். தம்பி மகன் பக்கத்தில் வந்து நின்றான். "எப்படிப் பெரியப்பா இருக்கு? கார்னர் பிளாட்டு. ரெண்டு பக்கமும் ரோடு. மூப்பர் பேரன் காட்டப் பிளாட்டு போட்டப்ப, கார்னருக்கு மட்டும் தனி ரேட்டு வச்சான், விடலையே நானு!"

நிமிர்ந்து பார்த்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே ஓடைப்பாலம். ஓடையில் தண்ணீர் இல்லை, கம்பும் இல்லை, ஆடும் இல்லை. சுவர் மேல் உடைந்த பாட்டில் சில்லு பதித்திருந்தார்கள். போதகர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று, அன்றைக்குக் கோயிலில் வராத சத்தத்தில் சொன்னேன்.

"இது எங்க சின்னம்மா மூலைடா. அன்னபாக்கியம் மூலை. வேதத்துல இருக்கு."

"எந்தச் சின்னம்மா பெரியப்பா?" என்றான்.